‘ஹவ் ஆர் யூ’ என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறதா? எங்கே இடறுகிறது, எப்படிச் சரிசெய்வது

குமரி முனையில் கடை வைத்திருப்பவர்கள், வீட்டு மாடியை ஹோம்ஸ்டே ஆக்கியவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், நர்சிங் முடித்துவிட்டு வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ பெட்டி கட்டுகிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் படிப்புக்குக் குறைவில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். லண்டன் மிஷன்காரர்கள் நாகர்கோவிலில் பள்ளிக்கூடம் தொடங்கியதே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பாஸிவ் வாய்ஸில் மாற்றி எழுது என்றால் எழுதிவிடுவோம், ஆனால் எதிரே ஒருத்தர் சிரித்துக்கொண்டே "ஹவ் ஆர் யூ?" என்றதும் பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடமும் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும்.

வரிசையாகப் படிக்கவேண்டும் என்று இல்லை. உங்களுக்கு எங்கே மாட்டுகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள், முக்கால்வாசி இடறல் அந்த இரண்டில்தான்.

நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஆள் நகர்ந்துவிடுகிறார்

காரணம்: அவர் கேட்டது கேள்வியே இல்லை, நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் தெரிந்த அண்ணாச்சி ஒருத்தர் எதிரே வந்து "எங்க போறிய?" என்று கேட்டால் என்ன சொல்கிறோம்? "சும்மா, இங்க வரைக்கும்." அவரும் "செரி செரி" என்று போய்விடுவார். எந்த பஸ், யாரைப் பார்க்க, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று யாரும் ஒப்பிப்பதில்லை, ஒப்பித்தால் அண்ணாச்சிதான் சங்கடப்படுவார். "ஹவ் ஆர் யூ" அப்படிப்பட்ட விசாரிப்பு. வயிற்றுவலியையும் மகளின் ஹாஸ்டல் ஃபீஸையும் அங்கே இறக்கி வைக்கவேண்டாம்.

சரிசெய்ய: "குட், தேங்க்ஸ். அண்ட் யூ?" போதும். நலம், நன்றி, திருப்பி விசாரிப்பு. நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது கடைசித் துண்டைத்தான். "ஐ ஆம் ஃபைன்" என்று நிறுத்திவிட்டு அடுத்து என்ன என்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்போம், பேச்சு அங்கேயே படுத்துவிடும். திருப்பிக் கேட்கும்போது அழுத்தம் இடம் மாறும் என்பதையும் கவனியுங்கள். முதலில் கேட்பவர் "ஹவ் ஆர் யூ" என்பதில் ‘ஆர்’ மேல் அழுத்துவார், நீங்கள் திருப்பும்போது ‘யூ’ மேல் அழுத்தவேண்டும். மூன்றையும் ஒரே தட்டாகச் சொன்னால் வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிக்கிற மாதிரிதான் கேட்கும்.

இதே விசாரிப்பு வேறு வேடங்களிலும் வரும். "ஹவ்ஸ் இட் கோயிங்?" என்றால் "குட், தேங்க்ஸ்". "வாட்ஸ் அப்?" என்றால் "நாட் மச், யூ?" (வாட்ஸ்அப் செயலி பெயர் வைத்துக்கொண்டதே இந்தக் கேள்வியைப் பார்த்துத்தான்.) "வாட்ஸ் அப்" என்பதற்கு "ஃபைன்" என்று சொன்னால் குற்றமில்லை, கொஞ்சம் பொருந்தாமல் நிற்கும், அவ்வளவுதான். "ஹவ் ஆர் யூ" என்பதற்கு "நாட் மச்" என்பதும் அப்படியே.

இங்கிலாந்து போகிறவர்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டியது "யூ ஆல்ரைட்?" தக்கலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில் போன் பண்ணினாள். "அக்கா, என் மூஞ்சில என்னமோ இருக்கு போல, வார்டுக்குள்ள நுழைஞ்சா போதும், ஒவ்வொருத்தியா ‘யூ ஆல்ரைட்’னு கேக்காவ. நானும் பாத்ரூம்ல போய் கண்ணாடி பாத்துட்டு வாறேன்." முகத்தில் ஒன்றும் இல்லை. அது அந்த ஊர் "ஹலோ". "யா, யூ?" என்று சொல்லிவிட்டு நடையைக்கூட நிறுத்தாமல் போகலாம்.

விலக்கு ஒன்று உண்டு. கேட்பவர் உட்கார்ந்து, உங்கள் கண்ணைப் பார்த்து, "ஹவ் ஆர் யூ ஃபீலிங்?" என்றோ "ஹவ் ஹேவ் யூ பீன்?" என்றோ கேட்டால் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறார். அப்போது சொல்லுங்கள். டாக்டர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், அங்கே "ஃபைன், தேங்க்ஸ்" என்று விட்டு எழுந்து வந்துவிடாதீர்கள்.

"ஹவ் டு யூ டு" என்றார், வேலையைச் சொன்னேன், விழித்தார்

மூன்று வாக்கியம் காதில் ஒன்றாகவே விழுகிறது. "ஹவ் டு யூ டு?" என்பது முதல் சந்திப்பில் கைகுலுக்கும்போது வரும் பழைய பாணி மரியாதை, அதற்கு அதையே திருப்பிச் சொல்லவேண்டும்: "ஹவ் டு யூ டு." சபையில் ஒருத்தர் "ஸ்தோத்திரம்" என்றால் நாமும் "ஸ்தோத்திரம்" என்கிறோமே, அதே முறை. இப்போது வயதானவர்களிடமும் ரொம்ப ஆசாரமான இடங்களிலும்தான் கேட்கமுடியும். "வாட் டு யூ டூ?" என்றால் என்ன தொழில் என்று அர்த்தம். அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதற்கு "வாட் ஆர் யூ டூயிங்?" நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள்கூட "வாட் டு யூ டூ" என்று கேட்டதும் "நத்திங், சிம்ப்ளி" என்று சொல்லி வேலையில்லாதவராக ஆகியிருக்கிறார்கள்.

நான் "யெஸ்" என்றேன், அவர் நேர் எதிராக எடுத்துக்கொண்டார்

இது கொஞ்சம் ஆழமான கோளாறு. காசு நஷ்டம், சண்டை எல்லாம் வருவது இதில்தான்.

ஐயப்ப சீசன் சமயம், குமரியில் ஒரு லாட்ஜ் வரவேற்பறை. முதுகில் பெரிய பையோடு ஒரு வெள்ளைக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிறார். வாசலில் இருக்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "யூ டோன்ட் ஹேவ் எனி ரூம்ஸ்?" என்கிறார். கவுண்டரில் இருக்கும் பையன் பளிச்சென்று "யெஸ் சார்!" அவர் பையை இறக்கி வைத்து, பெல்ட் பையின் ஜிப்பைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுக்கிறார். பையன் மறுபடி, "யெஸ் சார், யெஸ் சார், நோ ரூம்." அவர் பாஸ்போர்ட்டைப் பிடித்தபடி அவனையே பார்க்கிறார்.

பையன் பொய் சொல்லவில்லை. தமிழில் "ரூம் இல்லையா?" என்றால் "ஆமா, இல்ல" என்போம். நம் ‘ஆமா’ கேட்டவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறது. இங்கிலீஷ் ‘யெஸ்’ கேட்டவரைப் பார்ப்பதே இல்லை, விஷயத்தை மட்டும் பார்க்கிறது. ரூம் இருந்தால் யெஸ், இல்லாவிட்டால் நோ, கேள்வியை எப்படிப் புரட்டிப் போட்டுக் கேட்டாலும் சரி.

சரிசெய்ய: யெஸ், நோ எதைச் சொன்னாலும் வாலையும் சேர்த்துச் சொல்லுங்கள். "யெஸ், வீ டூ." "நோ, வீ டோன்ட்." வால் வரும்போது உங்களுக்கே தவறு காதில் பட்டுவிடும். அவசரத்தில் குழம்பினால் இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்: "சாரி, வீ ஆர் ஃபுல் டுடே." இதில் குழப்ப ஒன்றுமில்லை. கடையில் சில்லறை கேட்டால் "சாரி, ஐ டோன்ட் ஹேவ் சேஞ்ச்". காபி ஆறிவிட்டதா, பஸ் போய்விட்டதா, எல்லாவற்றுக்கும் இதே மருந்து.

இதன் தம்பி "வுட் யூ மைண்ட்". சங்கமத்துக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தர் போனை நீட்டி, "வுட் யூ மைண்ட் டேக்கிங் அ ஃபோட்டோ?" என்கிறார். இதற்கு நேர் அர்த்தம், எடுத்துத் தருவதில் உங்களுக்குச் சிரமம் உண்டா என்பது. "யெஸ் யெஸ்" என்றால், ஆமாம் சிரமம்தான் என்று ஆகிவிடும். கையை நீட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னால் அவர் புரிந்துகொள்வார், போனில் என்றால் மாட்டார். "நாட் அட் ஆல்" என்று சொல்லிவிட்டு போனை வாங்குங்கள். "ஷூர், நோ ப்ராப்ளம்" என்றாலும் போதும். "டு யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்று பஸ்ஸில் கேட்டால், "நோ, கோ அஹெட்."

சரிசெய்தும் குழப்பம் தீரவில்லையா? தலையைப் பாருங்கள். வாய் ‘யெஸ்’ என்கும்போது நம் தலை பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருக்கும், அவர்களுக்கு அது பாதி ‘நோ’. வாயால் சொன்னது போதும், தலை சும்மா இருக்கட்டும்.

உள்ளே நுழைந்து "குட் நைட்" சொன்னேன், அவர் கிளம்பப் பார்த்தார்

"குட் நைட்" விடைபெறும்போது மட்டும். ராத்திரி ஒன்பதரைக்கு கெஸ்ட் வந்து இறங்கினாலும் "குட் ஈவ்னிங்" சொல்லித்தான் உள்ளே கூப்பிடவேண்டும். மதியம் பன்னிரண்டு தாண்டினால் "குட் ஆஃப்டர்நூன்". சூரியன் கடலில் இறங்குகிற நேரத்தில் ஆஃப்டர்நூனா ஈவ்னிங்கா என்று யோசிக்காதீர்கள், அது ஈவ்னிங்தான். எந்தக் குழப்பமானாலும் "ஹலோ" காப்பாற்றும்.

"தேங்க் யூ" என்றால் சிரிக்க மட்டும்தான் வருகிறது

வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி வளரவில்லை. ஒரு டம்ளர் தண்ணி கொடுத்ததற்கு அம்மாவிடம் நன்றி சொன்னால் என்னடே ஆச்சு உனக்கு என்று பார்ப்பாள். அதனால் அவர்கள் பத்துத் தடவை சொல்லும் "தேங்க் யூ" நமக்குக் கூச்சமாக இருக்கும். சிரிப்பு தப்பில்லை, ஆனால் கூடவே ஒன்று வேண்டும். "யூ ஆர் வெல்கம்" எங்கும் செல்லும். "நோ ப்ராப்ளம்" சாதாரணப் பேச்சுக்கு. ஆஸ்திரேலியாக்காரர் என்றால் அவரே "நோ வொரீஸ்" என்பார், நீங்களும் சொல்லலாம். "மென்ஷன் நாட்" வேண்டாம், அது நம் ஊர்களைத் தாண்டி வெளியே புரியாது. சொல்ல விரும்பினால் "டோன்ட் மென்ஷன் இட்". கடைக்காரருக்கு ஒரு சலுகை: வாங்கியவர் "தேங்க் யூ" என்றால் நீங்களும் "தேங்க் யூ" என்றே திருப்பலாம், காசு உங்கள் கைக்குத்தானே வந்திருக்கிறது.

"ஸேம் டு யூ" விஷயத்தில் மட்டும் நிதானம். ஹேப்பி நியூ இயர், ஹேப்பி கிறிஸ்மஸ், ஹேவ் அ நைஸ் டே, இதற்கெல்லாம் "யூ டூ" அல்லது "ஸேம் டு யூ" சரி, இரண்டு பேருக்கும் பொது. பிறந்தநாள் உங்களுக்கு மட்டும்தான், அங்கே "தேங்க் யூ". சாப்பாடு வைத்துவிட்டு வெயிட்டர் "என்ஜாய் யுவர் மீல்" என்றால் அவரும் உங்களோடு உட்காரப் போவதில்லை, அங்கேயும் "தேங்க் யூ". தும்மினால் "பிளெஸ் யூ" என்பார்கள், அதற்கும் "தேங்க் யூ"தான்.

பாசமாகத்தான் கேட்டேன், முகம் சுருங்கிவிட்டது

எங்கே போறீங்க, கல்யாணம் ஆச்சா, எத்தனை பிள்ளைகள், என்ன சம்பளம். கேட்காவிட்டால் நம் ஊரில் மரியாதைக் குறைவு, அவர்கள் ஊரில் கேட்டால் மரியாதைக் குறைவு. "வேர் ஆர் யூ கோயிங்?" என்று ரோட்டில் கேட்டால் போலீஸ் விசாரணை போலவே அவருக்குப் படும், தனியாக வரும் பெண் என்றால் பயந்தே போவார். "ஹேவ் யூ ஈட்டன்?" வேறு மாதிரி மாட்டும். நாம் சும்மா கேட்போம், அவர் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து "நோ, நாட் யெட்" என்று நிற்பார். அப்புறம் இலை போடாமல் இருக்கமுடியாது.

அதற்குப் பதில் என்ன கேட்கலாம்? "வேர் ஆர் யூ ஃப்ரம்?" "இஸ் இட் யுவர் ஃபர்ஸ்ட் டைம் ஹியர்?" "ஹவ் லாங் ஆர் யூ ஸ்டேயிங்?" இதில் கடைசியை ஹோம்ஸ்டேக்காரர் கேட்டால் இயல்பு, ஆட்டோக்காரர் முதல் நிமிடத்தில் கேட்டால் கொஞ்சம் அதிகம். "ஹேவ் யூ பீன் டு த கிளாஸ் பிரிட்ஜ்?" என்று கேளுங்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 2024 டிசம்பர் கடைசியில் திறந்த பாலம், போனவரும் பேசுவார், போகாதவரும் பேசுவார்.

எதுவும் தோன்றாவிட்டால் வானிலை. இங்கிலீஷ்காரர்கள் அந்நியரிடம் பேச்சைத் தொடங்குவதே அதில்தான், நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு, ஆரல்வாய்மொழிக் காற்று உண்டு, சரக்குக்குப் பஞ்சமில்லை. "இட்ஸ் வெரி விண்டி டுடே, இஸின்ட் இட்?" என்றால் அவர் "யெஸ், இட் இஸ்" என்று தொடங்கிவிடுவார். ஒத்துக்கொண்டால் போதும், காற்று ஏன் அடிக்கிறது என்று விளக்கவேண்டியதில்லை.

இன்னொன்று, என் கணக்கில் இதுதான் உசத்தி: பயன்படுகிற ஒரு தகவலைச் சொல்லுங்கள். "த போட் இஸ் நாட் ரன்னிங் டுடே, த சீ இஸ் ரஃப்." "த பேலஸ் இஸ் க்ளோஸ்டு ஆன் மண்டேஸ்." திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனை வாசல் வரை போய்த் திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்த ஒரு வாக்கியத்தின் அருமை தெரியும். இப்படி ஒன்று சொன்ன ஆட்டோக்காரரை விட்டு அவர் வேறு ஆட்டோவுக்குப் போகமாட்டார்.

சாதாரணமாகச் சொன்னேன், அதட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள்

"உட்காருங்க" என்பதில் மரியாதை எங்கே இருக்கிறது? கடைசி ‘ங்க’வில். அதை இங்கிலீஷில் "சிட்" என்று போட்டால் ‘ங்க’ கழன்று விழுந்து "உக்காரு" மட்டும் மிஞ்சும். "கிவ் பாஸ்போர்ட்", "வெயிட்", "டெல் மீ", "கம், கம்" எல்லாம் இதே கதை. கூடவே நம் குரலும் அலைச் சத்தத்தை மிஞ்சிப் பேசிப் பழகிய குரல்.

மாற்று: "ப்ளீஸ் ஹேவ் அ சீட்." "மே ஐ சீ யுவர் பாஸ்போர்ட், ப்ளீஸ்?" "ஒன் மொமண்ட், ப்ளீஸ்." "ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?" நான்கு வாக்கியம் மனப்பாடமாக இருந்தால் வரவேற்பறையில் பாதி நாள் ஓடிவிடும். டீ வேண்டுமா என்று அவர்கள் கேட்டால் வெறும் "நோ" வேண்டாம், "நோ, தேங்க்ஸ்". வேண்டும் என்றால் "யெஸ், ப்ளீஸ்".

"சாரி" என்கிறார்கள், அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்?

ஒன்றும் செய்யவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று நீங்கள் சொன்னால் "ஐ ஆம் சாரி டு ஹியர் தட்" என்பார்கள், அது வருத்தம், மன்னிப்பு இல்லை. "இட்ஸ் ஓகே, இட்ஸ் நாட் யுவர் மிஸ்டேக்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள், "தேங்க் யூ" சொல்லுங்கள். துக்க வீட்டில் "ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்" என்றாலும் அதே "தேங்க் யூ"தான். நமக்கு அந்த இடத்தில் நன்றி என்பது நாக்கில் வராது, தமிழில் சொல்லவும் மாட்டோம், ஆனால் அவர்களுக்கு அதுதான் முறை. நர்ஸாகப் போகிறவர்கள் இதை மறுபக்கத்திலிருந்தும் பழகிக்கொள்ளுங்கள், நோயாளி வலியைச் சொன்னதும் முதலில் "ஐ ஆம் சாரி டு ஹியர் தட்", அப்புறம் மற்றக் கேள்விகள்.

இடித்துவிட்டால் "சாரி". வழி கேட்க, கூட்டத்தில் நகர "எக்ஸ்க்யூஸ் மீ".

புரியாமல் தலையாட்டிவிட்டேன்

இதைவிட மோசமான பழக்கம் இல்லை. அவர் நீங்கள் புரிந்துகொண்டீர்கள் என்று அடுத்த வாக்கியத்துக்குப் போவார், அதுவும் புரியாது, அதற்கும் தலையாட்டுவீர்கள், கடைசியில் காலை ஐந்து மணிக்குச் சூரிய உதயம் பார்க்க வண்டி கேட்டவர் வாசலில் தனியாக நிற்பார். வெறும் "வாட்?" முரட்டுத்தனம். குரலை மேலே தூக்கி "சாரி?" என்றால் திரும்பச் சொல்வார்கள். இரண்டாம் தடவையும் புரியாவிட்டால் "கேன் யூ ஸே தட் மோர் ஸ்லோலி, ப்ளீஸ்?" அதன்பின் நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்: "ஸோ, ஃபைவ் ஓ க்ளாக், டுமாரோ மார்னிங்?" இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர் பேசினால் இங்கிலாந்துக்காரரே சமயத்தில் "சாரி?" என்பார்.

போனில் எடுத்தவுடன் கோபப்படுகிறார்

"ஹூ ஆர் யூ?" என்று கேட்டிருப்பீர்கள். "மே ஐ நோ ஹூ இஸ் காலிங்?" என்று கேளுங்கள். "சொல்லுங்க"வை "டெல் மீ" ஆக்கவேண்டாம், "ஹவ் கேன் ஐ ஹெல்ப்?" இருக்கிறது. உங்கள் பெயரைச் சொல்ல "மைசெல்ஃப் செல்வி" வேண்டாம், "திஸ் இஸ் செல்வி". நேரில் என்றால் "ஐ ஆம் செல்வி". போனில் முதலில் என்ன சொல்வது என்பதில் அந்தக் காலத்தில் அவர்களுக்கே ஒற்றுமை இல்லை. எடிசன் 1877இல் "ஹலோ" என்றார், டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கிய கிரஹாம் பெல்லோ கப்பல்காரர்களின் "அஹோய்" வேண்டும் என்று நின்றார். பெல் ஜெயித்திருந்தால் குளச்சல்காரர்களுக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது சிக்கல்

"போயிட்டு வாறேன்" என்பதை "ஐ வில் கோ அண்ட் கம்" என்றால் திரும்பி வரும்வரை அவர் காத்திருப்பார். திரும்பி வருவதாக இருந்தால் "ஐ வில் பி பேக்". இல்லையென்றால் "பை, ஸீ யூ". நேரே "ஓகே, பை" என்று வெட்டிக்கொண்டு போகாமல் முன்னால் ஒரு வரி: "வெல், ஐ ஷுட் கெட் கோயிங். நைஸ் டாக்கிங் டு யூ." முதல்முறை சந்தித்தால் "நைஸ் டு மீட் யூ", மறுபடி பார்த்தால் "நைஸ் டு ஸீ யூ அகெய்ன்".

அவர் "ஸீ யூ லேட்டர்" என்றால் சாயங்காலம் வருவார் என்று மீன் வாங்கி வைக்காதீர்கள். "வீ மஸ்ட் ஹேவ் டின்னர் சம்டைம்" என்பதும் அழைப்பு இல்லை, நாள் சொன்னால்தான் அழைப்பு. "தட் வுட் பி லவ்லி" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுங்கள்.

அவர் தமிழில் "வணக்கம்" சொல்கிறார், நான் இங்கிலீஷில் பதில் சொல்கிறேன்

நிறையப் பேர் செய்வது. தெரியும் என்று காட்டும் வேகத்தில் "ஹலோ சார், ஹவ் ஆர் யூ" என்று பாய்ந்துவிடுவோம், பாவம், அவர் லாட்ஜ் கண்ணாடி முன்னால் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருப்பார். "வணக்கம்" என்றே திருப்புங்கள், நிதானமாக, அவருக்குக் கேட்கும்படி. அதற்கு மேல் தமிழில் போகவேண்டாம், அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்.